வலது பக்கத்து டம்ளர்

வலது பக்கத்துக்குச் சிவப்பு, இடது பக்கத்துக்குக் கறுப்பு. இதில் குழம்ப ஒன்றுமில்லை. பம்ப் கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங்கிலேயே தலை நரைத்து ரிட்டயர் ஆனவனுக்கு ஒரு ஹெட்போன் கேபிள் பெரிய வேலையா? ஆனாலும் சிவப்பைக் கறுப்பின் இடத்தில் வைக்கப் போய் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, தூங்காமல் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைத் தூக்கினால் எவனுக்கும் குழம்பத்தான் செய்யும். வேறொன்றுமில்லை. உள் அறையில் மணி படுத்திருக்கிறாள். வசந்தாமணி என்று முழுப்பெயரையும் நான் உச்சரித்தது எங்கள் கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்த்த அன்றோடு சரி, அதற்கப்புறம் மணிதான். தூங்குகிறாளா, சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாளா தெரியவில்லை. எந்தப் பக்கம் ஒருக்களித்திருக்கிறாள் என்று எட்டிப் பார்க்கலாம். வேண்டாம். தெருவில் காய்கறி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போகிறான், தக்காளி, சின்ன வெங்காயம், மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு. அந்தச் சத்தத்துக்குக்கூட கட்டில் கிரீச்சிடவில்லை என்றால் இடது காது தலையணையில் அழுந்தியிருக்கிறது என்று அர்த்தம், வலது காது மட்டும்தான் மேலே... போதும். கம்பியைப் பார். கேபிள் சரியானால் எல்லாம் சரியாகிவிடும். ஹெட்போனோடு வந்த கேபிள் போக, நானே செய்வதில் இது மூன்றாவது. முதலாவது வெறும் செம்பு. அதை மாட்டி ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "இப்பவும் வலது பக்கம் கம்மியாத்தானுங்க இருக்குது" என்றாள். இரண்டாவது வெள்ளி பூசிய செம்பு. அதற்கும் அதையேதான் சொல்ல வாயெடுத்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டாள். "தேவலைங்க. கொஞ்சம் தேவலை." தேவலை என்பது காய்ச்சல்காரர்கள் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்கிற பதில். அதனால்தான் மூன்றாவது.

ஹெட்போன் முதலில் என் பைத்தியம்தான். ரிட்டயர் ஆன கையோடு வாங்கினேன். பெரிய பெரிய கிண்ணங்கள், பின்பக்கம் வலை, காதைச் சுற்றி உட்காரச் சாம்பல் நிற வெல்வெட் மெத்தை. "இதென்னுங்க, காதுக்கு ரெண்டு இட்லிச் சட்டி" என்று சிரித்தாள். ஒரு நாள் நான் கடைக்குப் போன நேரம் பார்த்து அந்த இட்லிச் சட்டியைத் தலையில் மாட்டியிருக்கிறாள். திரும்பி வந்தால் சோபாவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசம் வீடு பூராவும். "ஏனுங்க, இந்தப் பாட்டுல டம்ளர் வெக்கறாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது ஒரு பழைய கச்சேரி, யாரோ ரசிகர் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தது, பாடுகிறவர் யார் என்றுகூட அதில் எழுதியிருக்கவில்லை. தோடி ஆலாபனை நடுவில் அவர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்துகிறார். அப்போது வலது பக்கம் யாரோ ஒரு டம்ளரைத் தரையில் வைக்கிறார்கள். டொக் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிட மெதுவாக. காலி டம்ளர், பால் குடித்த டம்ளர், எவர்சில்வர் இல்லை வெள்ளி, என்றெல்லாம் அவளே முடிவுகட்டிவிட்டாள். பலமுறை திரும்பத் திரும்பக் கேட்டும் எனக்கு அது அகப்படவில்லை, அவள் விரலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அகப்பட்டது. அந்த இடம் வரும்போது கண் மூடியபடியே வலது கை ஆட்காட்டி விரலை இலேசாகத் தூக்குவாள். வலது பக்கத்துச் சத்தத்துக்கு வலது கை. இடது பக்கம் மிருதங்கக்காரர் தொண்டையைச் செருமுகிற இடம் ஒன்று உண்டு, அதற்கு இடது கை. அன்றிலிருந்து ஹெட்போன் அவளுடையது, கம்பியும் பெட்டியும் மட்டும் எனக்கு. பாட்டு கற்றவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, பின்பெஞ்சில் கிசுகிசுப்பது யாரென்று திரும்பாமல் பெயர் சொல்லுவாளாம், பிள்ளைகள் நடுங்குவார்களாம். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள், "டம்ளர் போயிடுச்சுங்க."

கேபிள்தான் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எங்கள் தொழிலில் அதுதான் பாடம், மோட்டார் நல்ல மோட்டாராக இருக்கும், ஜாயிண்ட் எங்கோ தளர்ந்திருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். இடமும் வலமும் ஒரே அளவு காட்டின, வித்தியாசம் மருந்துக்குக்கூட இல்லை. நானே மாட்டிக் கேட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கேட்டது. டம்ளரும் இருந்தது, அதே இடத்தில், அதே மெல்லிய சத்தத்தில். இதை அவளிடம் சொல்லவில்லை. என்னுடையது மோட்டார் இரைச்சலில் மரத்துப்போன காது, அதற்கு என்ன தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் காது மீட்டரைவிட நுணுக்கம், மீட்டருக்குத் தெரியாத குறை அவளுக்குத் தெரிகிறது. இப்படி ஒரு கணக்கு. வேறு எவனாவது கம்பெனியில் என்னிடம் இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பேன். ஆனால் ஹெட்போன் பைத்தியங்கள் நடுவில் இது ரொம்ப மரியாதையான கணக்கு. சிங்காநல்லூர் மோகனரங்கம் என்று ஒருவர் இருக்கிறார், எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே அவர்தான். கேபிள் மாற்றினால் பாடுகிறவர் இரண்டு அடி முன்னால் வந்து உட்காருவார் என்று சத்தியம் செய்கிற ரகம். கம்பிக்கு ஜாதகம் பார்க்கிற மனுஷன் என்று அவர் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்திருக்கிறேன். கடைசியில் அவரிடமே போய் நின்றேன். மீட்டர் சரியாகக் காட்டுகிறது, ஆனால் வீட்டில் அவளுக்கு வலது பக்கம் கம்மியாக இருக்கிறது என்றேன். அவர் கண் மின்னியது. "மீட்டரைத் தூக்கிக் கெடாசுங்க. அம்மிணி காதுக்கே படுதுன்னா அது கம்பியிலதான் இருக்குமுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். கம்பியில் இருக்கிறது. கம்பியில் இருந்தால் வேறு எங்கும் இல்லை.

பின்னல் நன்றாக வந்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நாலு இழை, இறுக்கமும் தளர்வும் ஒரே சீராக, மேசை விளிம்பிலிருந்து தொங்கும்போது சுருண்டுகொள்ளாமல் நேராக விழுகிறது. பின்னக் கற்றுக்கொடுத்தது மணிதான். முதல் கேபிளின்போது நான் இழைகளைக் கால் கட்டைவிரலில் மாட்டி வைத்துக்கொண்டு படாத பாடு படுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். அப்புறம் பொறுக்கமாட்டாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஓரத்துல இருக்கறதை ரெண்டுக்கு அடியில உட்டு, ஒண்ணுக்கு மேல திருப்பிக் கொண்டாங்க. அவ்வளவுதான். அடுத்தது அக்கட்டால, எதிர் ஓரத்துல இருந்து." எனக்குக் கை வரவில்லை. சட்டென்று கொண்டையை அவிழ்த்துவிட்டு எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தாள். "இதுல பழகிக்குங்க. அத்துப்போனாலும் நட்டமில்லை." இத்தனை வருஷத்தில் நான் அவளுக்குத் தலை பின்னியதில்லை. பாதி வெள்ளை, பாதி கறுப்பு, தேங்காயெண்ணெய் வாசம். வெள்ளையைச் சிவப்புக் கம்பியாகவும் கறுப்பைக் கறுப்புக் கம்பியாகவும் வைத்துக்கொண்டு பின்னினேன். கோணலாகத்தான் வந்தது. அப்போது குனிந்து அவள் காதோரம், வலது பக்கமாகத்தான் குனிந்தேன், இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, மெதுவாக ஒன்று சொன்னேன். இந்த வயதில் சொல்லிக்கொள்கிற விஷயம் இல்லை அது, சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் இல்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி பூராவும் அந்த வெட்கத்தை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். அது வெட்கம்தான். வெட்கமாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது கம்பி வேறு ஜாதி. லிட்ஸ் என்பார்கள். ஒரு இழைக்குள்ளேயே மயிரைவிட மெல்லிசாக எண்ண முடியாத அளவுக்கு இழைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எனாமல் பூச்சு, மோட்டார் காயில் கம்பிக்கு இருப்பதைப் போலவே. எனாமல் போகாமல் ஈயம் பிடிக்காது. அயர்ன் நுனியில் சூடான ஈயத்தை உருட்டி வைத்து அதற்குள் கம்பியை அமுக்கிப் பிடித்தால் பூச்சு கரிந்து புகையும், அப்புறம்தான் செம்பு வெள்ளையாகி ஒட்டும். புகை மூக்கில் ஏறுகிறது. எனக்குப் பழகிய வாசம், எரிந்துபோன மோட்டார் வாசம். கோடையில் அன்னூர், அவிநாசிப் பக்கமிருந்து விவசாயிகள் டெம்போவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருவார்கள். எல்லோரும் ஒரே பாட்டு, நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு. பிரித்துப் பார்த்தால் இந்த வாசம். திடீரென்று எந்த மோட்டாரும் நின்றதில்லை. நாட்கணக்கில் முனகியிருக்கும், சூடேறியிருக்கும், ஒரு பக்கம் இழுத்திருக்கும், கிணற்று மேட்டில் படுத்திருந்தவன் காதில் வாங்கியிருக்க மாட்டான். இதைச் சொல்லி எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். ஏனுங்க, மெஷினு உங்களுக்கு எத்தனை தடவை சொல்லும்? இப்போது அந்த டெம்போவிலிருந்து இறங்கி நான் வந்து நின்றால் என்ன சொல்வேன். திடீர்னுங்க. நல்லாத்தானுங்க இருந்தா.

எங்கே நன்றாக இருந்தாள். போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள், கேட்டதற்கு வலது கையில் கரண்டி இருக்கிறது என்றாள், கரண்டி இல்லாதபோதும் இடது காதில்தான் வைத்தாள். சாப்பிடும்போது எனக்கு எதிர் நாற்காலிக்கு மாறிவிட்டாள். ஒரு சாயங்காலம், "ஏனுங்க, ஃபிரிட்ஜ் என்னமோ ஓயாம இரையுதுங்களே" என்றாள். கரண்ட் போயிருந்த சாயங்காலம் அது. நான் எழுந்து போய் ஓடாத ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து மூடிவிட்டு வந்து, இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன், பரவாயில்லை என்றாள். பாத்ரூம் போகும்போது சுவரை விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போகிறாள், சுவரில் தூசி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. காது டாக்டரிடம் ஒரு தடவை போனோம், போகாமல் இல்லை. சின்னப் பெண், மரியாதையாகப் பேசினாள். விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு வலது காதில் கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, சொட்டு மருந்து விடுங்கள் என்றாள். எனக்கு அப்போதே எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும் போலிருந்தது. அவள் முடிக்கவில்லை. "ரெண்டு காதும் சேந்து மந்தமானா வயசுன்னு விட்டுடலாங்க. ஒரு காது மட்டும்னா விடக்கூடாது. மருந்து தீந்ததும் வாங்க, அப்பவும் கேக்கலைன்னா தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்." காதுக்கு எதற்குத் தலைக்கு ஸ்கேன். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே மணியிடம் அதைச் சிரித்துச் சொன்னேன், பல்லு வலிக்கு வயித்தைப் பாக்கற கூட்டம் என்றேன். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தாழ்போட்டுக்கொண்டு போனில் தேடினேன். ஒரு காது மந்தம், இரைச்சல், தள்ளாட்டம். மூன்றாவது வரியில் கட்டி என்று இருந்தது. போனை அணைத்துவிட்டேன், முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து மோகனரங்கத்துக்குப் போன் செய்து வெள்ளிக் கம்பி கிடைக்குமா என்று கேட்டேன். சொட்டு மருந்தை நானேதான் விட்டேன், அவள் தலையை என் மடியில் சாய்த்து, வலது காதில். எண்ணெய் மாதிரி மஞ்சளாக இருக்கும், பஞ்சு வைத்தாலும் வழியும். மருந்து தீர்ந்துவிட்டது. காலி புட்டி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அவளும் எடுத்துப் போடவில்லை, நானும் எடுத்துப் போடவில்லை.

ஒரே ஒரு சோதனை பாக்கி. அது எனக்குத் தெரியும், முதல் நாளிலிருந்து தெரியும், தெரியாதவன் மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறேன். மோட்டாருக்கு வருகிற மூன்று லைனில் ஒன்று கோளாறு காட்டினால் நாங்கள் மீட்டரைத் தேட மாட்டோம். லைனை இடம் மாற்றிப் போடுவோம். கோளாறு லைனோடு நகர்ந்தால் குறை லைனில், நகராமல் அங்கேயே நின்றால் குறை மோட்டாரில். மாத்திப் போட்டுப் பாத்தீங்களா என்பது என் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, கம்பெனியில் எனக்கு அதுவே பட்டப்பெயர், மாத்திப்போட்டான் வருகிறான் என்பார்கள். ஹெட்போனுக்கு அது இன்னும் சுலபம். ஒரு கம்பியைக்கூடத் தொட வேண்டியதில்லை. முன்னும் பின்னுமாகத் திருப்பி மாட்டினால் போதும், வலது கிண்ணம் இடது காதுக்கு வந்துவிடும். அப்போது இடது காதில் கம்மியாகக் கேட்டால் கேபிள். அப்போதும் வலது காதிலேயே கம்மியாக இருந்தால்... பிள்ளைகள்கூடச் செய்துவிடும். இத்தனை நாளில் நான் அதைச் செய்யச் சொல்லவில்லை. திருப்பி மாட்டிப் பாரு மணி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும். பதிலுக்குப் பதிலாகச் செம்பு வாங்கினேன், வெள்ளி வாங்கினேன், இப்போது மயிரிழைக் கம்பியைக் கருக்கிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன். இதோ, சொல்லிவிட்டேன், மனசுக்குள்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன். அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் டம்ளர் வைக்கிற சத்தம்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கடைசி ஜாயிண்ட். சிவப்பு. ஈயம் நன்றாகப் பளபளப்பாக உட்கார்ந்தது, சூடு காட்டியதும் சுருங்குகிற உறையை மேலே இழுத்துவிட்டேன், சுருங்கிப் பிடித்துக்கொண்டது. மீட்டர் பீப் என்றது. இடம் பீப், வலம் பீப். ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், பழைய கேபிளைப் பிடுங்கிப் புதியதைச் சொருக. ஜன்னலுக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தால்தான் சொருகுகிற ஓட்டை தெரியும். வலது மெத்தையில் சொட்டு மருந்துக் கறை இருக்கும், அது எனக்குப் பழையது. மருந்து விட்டதும் துடைக்காமல் மாட்டாதே, வெல்வெட் பாழாகிறது என்று நானே அவளைக் கடிந்துகொண்டிருக்கிறேன். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கருத்து, எண்ணெய் பட்ட மினுமினுப்பு. இருந்தது. வலதைச் சொருகிவிட்டு இடதைத் திருப்பினேன். இடது மெத்தையிலும் கறை இருந்தது. விரலால் தடவினேன். எண்ணெய்ப் பிசுக்கு. முகர்ந்தேன். சொட்டு மருந்து. இடது காதில் நான் ஒரு சொட்டுக்கூட விட்டதில்லை. திருப்பி மாட்டினால்தான் இடது மெத்தை அவள் வலது காதுக்கு வரும். ஒரு கறை இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக வட்டம் வட்டமாக, வலது பக்கத்தைவிட அதிகமாக. அந்த மெத்தை பின்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்தது, திருப்பி மாட்டினால் கன்னத்து எலும்பில் குத்தும், சுகமாக இருக்காது. அந்தக் குத்தலோடு அவள் இதை மாட்டிக் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. வலது காதில் மருந்து ஈரம் இருந்த நாட்களிலேயே. நான் கேட்கப் பயந்த கேள்வியை அவளே கேட்டுக்கொண்டு, பதிலையும் தெரிந்துகொண்டு, பதிலை ஏதோ ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, அதற்கப்புறமும் என்னிடம் தேவலைங்க என்றே சொல்லிவந்திருக்கிறாள். அணைக்காமல் விட்டிருந்த அயர்னை எதற்கோ எடுத்தேன், திரும்ப அதன் தாங்கியில் வைக்க எனக்கு இடம் பிடிபடவில்லை, மேசையில் வைத்துவிட்டேன், மேசை கருகுகிற வாசம் வந்த பிறகுதான் எடுத்தேன்.

"என்னுங்க, முடிஞ்சுதுங்களா?"

நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முடி கலைந்திருக்கிறது, ஆனால் கண்ணில் தூக்கம் இல்லை. என் மடியைப் பார்த்தாள். என் கட்டைவிரல் இடது மெத்தையின் மேலேயே இருந்தது. கணக்கு டீச்சருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"பாத்துட்டீங்களா" என்றாள்.

"எப்ப மாட்டிப் பாத்தே?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன், சத்தமாக.

"வெள்ளிக் கம்பி போட்டுக் குடுத்தீங்கல்ல, அதுக்கு அடுத்த நாளு. நீங்க டவுன்ஹாலுக்குப் போயிருந்தீங்க."

"டம்ளர்?"

"கேட்டுச்சுங்க." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இக்கட்டால. பளிச்சுனு கேட்டுச்சு. அப்பறம் நீங்க வெளிய போறப்பெல்லாம் அப்பிடியே திருப்பி மாட்டிக் கேட்டுக்குவேன். கம்பி மேல ஒரு தப்பும் இல்லீங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வந்து சோபாவில் மெதுவாக உட்கார்ந்தாள், கையூன்றி, இடத்தைத் தடவிப் பார்த்து.

"எப்பிடிங்க சொல்றது? கண்ணாடிய மூக்கு நுனியில போட்டுட்டு இத்தனையூண்டு கம்பியப் பின்னீட்டு இருந்தீங்க. பாத்தா அத்தனை நிம்மதியா இருந்துச்சு. ஊட்டுல ஒரு ஆளாச்சும் பயமில்லாம இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

"நானா? பயமில்லாமயா?" என்றேன். "மணி, எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. பயந்துட்டுத்தான் கம்பி கம்பியா வாங்கிட்டு இருந்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது, எத்தனை நாளாகவோ. கண் நிறைந்து வழிந்தது, இருவருக்கும்தான், துடைத்துக்கொள்ளவில்லை.

"சித்தெ படுக்கறேன்னு போனது அதுக்குத்தானுங்க" என்றாள். "நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி டோக்கன் சொல்லிட்டேன். நாளைக்குக் காத்தால. ஸ்கேனும் அங்கயே எடுத்துக்கலாமாம். உங்ககிட்ட எப்பிடி ஆரம்பிக்கறதுன்னுதான் படுத்துட்டே யோசிச்சுட்டு இருந்தேன்."

"போலாம்" என்றேன். "நானும் வர்றேன்."

"வராம? நான் தனியாவா போவேன்." கையை நீட்டினாள். "அதைக் குடுங்க. புதுக் கம்பில ஒருக்காக் கேட்டுப் போடறேன். நாளைக்கு எப்பிடியோ என்னவோ."

எழுந்து போய்க் கொடுத்தேன். பழக்கதோஷம், சிவப்பு அவள் வலது பக்கம் வருகிற மாதிரியே நீட்டினேன். வாங்கினாள், மடியில் வைத்து, என் கண் முன்னாலேயே, ஒளிக்காமல், முன்னும் பின்னுமாகத் திருப்பித் தலையில் மாட்டிக்கொண்டாள். மெத்தை கன்னத்தில் குத்தியது, முகத்தைச் சுளித்தாள், சரிசெய்துகொண்டாள். கச்சேரியைப் போட்டேன். வழக்கம்போல அவளுக்கு வலது பக்கம் உட்காரப் போனேன், நின்றேன், சோபாவைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். கிண்ணத்தின் வலை வழியாகத் தோடி மெல்லிசாகக் கசிந்தது. நாளைக்கு இந்நேரம் எங்களுக்கு ஏதாவது தெரிந்திருக்கும். கட்டியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், போன காது போனதாகவே இருக்கலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. பாடுகிறவர் மேலே போனார், நின்றார், இறங்கினார், மூச்சு வாங்க நிறுத்தினார். நான் அவள் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தது இடது கை விரல்.